எத்தனை கோர் வேண்டும்? இசை மென்பொருளும் மல்டிகோர் செயலியும்

ஒலிப்பதிவுக்கென்று கணினி வாங்கப் போகிறவர் முன்னால் முதலில் வந்து நிற்கும் எண், செயலியில் உள்ள கோர்களின் எண்ணிக்கைதான். 6, 8, 12, 16 என்று விலையோடு சேர்ந்து அதுவும் ஏறிக்கொண்டே போகும். 8 கோரைவிட 16 கோர் இரண்டு மடங்கு நல்லது என்று நம்பி, கையிலிருக்கும் பணத்தையெல்லாம் செயலியில் போட்டுவிட்டு, நல்ல மைக்குக்கும் ஹெட்போனுக்கும் மிச்சமில்லாமல் நிற்பவர்கள் உண்டு. இசை மென்பொருளுக்கு ஒரே ஒரு வேகமான கோர் போதும், மற்றதெல்லாம் வீண் என்று அடித்துச் சொல்பவர்களும் உண்டு. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. கோர்களின் எண்ணிக்கை உங்கள் பாட்டின் அகலத்தைத் தாங்கும். ஒவ்வொரு கோரின் வேகமும் அதன் ஆழத்தைத் தாங்கும் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். ஒரே நேரத்தில் எத்தனை டிராக் ஓடுகிறது என்பது அகலம். ஒரே டிராக்கில் ஒன்றன்பின் ஒன்றாக எத்தனை பிளக்-இன் கோத்திருக்கிறது என்பது ஆழம். பாட்டின் பாரம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாமல் செயலியைத் தேர்ந்தெடுக்க முடியாது. தெரிந்துவிட்டால், பல சமயம் புதுச் செயலியே தேவைப்படாது.

கெடு வைத்த வேலை

வீடியோவை ஏற்றுமதி செய்யும் மென்பொருளுக்கும் பாட்டை ஓட்டிக்காட்டும் மென்பொருளுக்கும் அடிப்படையிலேயே ஒரு வேறுபாடு உண்டு. வீடியோ வேலை 10 நிமிடத்தில் முடிந்தாலும் 20 நிமிடத்தில் முடிந்தாலும் கிடைக்கும் கோப்பு ஒன்றுதான். ஓடிக்கொண்டிருக்கும் பாட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒலியைக் கணினி சிறுசிறு துண்டுகளாகக் கணக்கிடுகிறது. அந்தத் துண்டுக்குப் பஃபர் என்று பெயர். நொடிக்கு 48,000 சாம்பிள் வீதம் பதிவு செய்யும்போது பஃபரை 128 சாம்பிள் என்று வைத்தால், ஒவ்வொரு துண்டுக்கும் கிடைக்கும் நேரம் சுமார் 2.67 மில்லிநொடி. அதற்குள் எல்லா டிராக்குகளும், எல்லா பிளக்-இன்களும், மாஸ்டர் வரைக்கும் கணக்கிடப்பட்டு ஆடியோ இன்டர்ஃபேஸின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். இது நொடிக்கு 375 முறை நடக்கிறது. ஒரே ஒரு முறை தவறினாலும் 'டிக்' என்ற சத்தமோ ஒலி அறுந்துபோவதோ காதில் விழும். 374 முறை சீக்கிரமாக முடித்துவிட்டேன் என்று செயலி சொல்லிக்கொள்வதால் பயனில்லை. ஆகவே ஒரு மணி நேரத்தில் மொத்தம் எவ்வளவு வேலை செய்ய முடியும் என்ற கேள்வி இங்கே இரண்டாம்பட்சம். ஒவ்வொரு கெடுவுக்குள்ளும் தவறாமல் முடிக்க முடியுமா என்பதே முதல் கேள்வி. செயலியின் பெருமையைச் சொல்லும் பொதுவான அளவீட்டு மதிப்பெண்கள் பெரும்பாலும் முதலில் சொன்ன மொத்த வேலையைத்தான் அளக்கின்றன. அந்த மதிப்பெண்ணை நம்பி இசைக்கான கணினியைத் தேர்ந்தெடுப்பது ஏமாற்றத்தில் முடிவதற்கு இதுவே காரணம்.

ஒரு கோரிலிருந்து பல கோருக்கு

1990-களில் தொழில்முறை ஸ்டுடியோக்கள் கணினியின் செயலியை நம்பவில்லை. ப்ரோ டூல்ஸ் போன்ற அமைப்புகள் ஒலிக்கென்றே தனிச் சிப்புகள் பதித்த கார்டுகளில் வேலையை ஒப்படைத்தன. 1996-இல் ஸ்டைன்பெர்க் நிறுவனத்தின் கியூபேஸ் விஎஸ்டி, எஃபெக்டுகளைக் கணினியின் சொந்தச் செயலியிலேயே ஓட்டிக்காட்டியது. அதிலிருந்து சுமார் எட்டு ஆண்டுகளுக்கு வழி எளிதாக இருந்தது: அடுத்த ஆண்டு வரும் செயலியின் கிகாஹெர்ட்ஸ் கூடும், பிளக்-இன் எண்ணிக்கையும் கூடும். அந்த வழி 2004-இல் அடைபட்டது. 4 கிகாஹெர்ட்ஸில் ஓடும் பென்டியம் 4 செயலியைக் கொண்டுவரும் திட்டத்தை இன்டெல் அந்த ஆண்டு கைவிட்டது. வேகத்தைக் கூட்டக் கூட்ட மின்செலவும் வெப்பமும் கட்டுக்கடங்காமல் ஏறியதே தடை. 2005-இல் இன்டெலின் பென்டியம் டி, ஏஎம்டியின் அத்லான் 64 எக்ஸ்2 என்று இரண்டு கோர் கொண்ட செயலிகள் வீட்டுக் கணினிக்கு வந்தன. மென்பொருள்காரர்கள் தங்கள் நிரல்களைத் திருத்தி எழுத வேண்டிய கட்டாயம் வந்தது. 2006-இல் வெளிவந்த எபிள்டன் லைவ் 6 மல்டிகோர் ஆதரவைத் தன் முக்கியமான புதுமைகளில் ஒன்றாக முன்வைத்தது. இந்த வரலாற்றில் நமக்கான பாடம் ஒன்று இருக்கிறது. மல்டிகோர் செயலி இசைக்காரர்கள் கேட்டு வந்ததல்ல; ஒரே கோரை மேலும் வேகமாக்க முடியாமல் போனதால் வந்தது. ஆகவே இசையின் வேலைக்கு அது இயல்பாகவே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

எது பிரியும், எது பிரியாது

பொருந்தும் இடம் தெளிவானது. பாடகியின் குரல் டிராக்குக்கும் மிருதங்க டிராக்குக்கும் கணக்கில் எந்தத் தொடர்பும் இல்லை. குரலுக்கான ஈக்யூ ஒரு கோரில் ஓடும்போதே மிருதங்கத்துக்கான கம்ப்ரஸர் இன்னொரு கோரில் ஓடலாம். 40 டிராக் இருந்தால் 40 தனித்தனி வேலைகள். ஆனால் ஒரே குரல் டிராக்குக்குள் நிலைமை வேறு. ஈக்யூவிலிருந்து வெளிவரும் ஒலிதான் கம்ப்ரஸருக்கு உள்ளே போக வேண்டும். கம்ப்ரஸரின் விடைதான் ரிவெர்புக்குத் தீனி. முன்னது முடியாமல் பின்னது தொடங்க முடியாது. கல்யாணச் சமையலில் 10 பேர் இருந்தால் 10 பதார்த்தங்களை ஒரே நேரத்தில் செய்து இறக்கலாம். ஆனால் அரிசி ஊறி, மாவு அரைத்து, புளித்த பிறகுதான் இட்லி வேகும், அந்த வரிசையை 10 பேர் சேர்ந்தாலும் சுருக்க முடியாது. பிளக்-இன் சங்கிலியும் அப்படியே. இசை மென்பொருள்கள் பெரும்பாலும் ஒரு டிராக்கின் சங்கிலி முழுவதையும் ஒரு நேரத்தில் ஒரு கோரிடம் ஒப்படைப்பது இதனால்தான். டிராக்குகள் எல்லாம் முடிந்த பிறகு அவை சேரும் குரூப் பஸ், அதற்கும் பிறகு மாஸ்டர் என்று கடைசிக் கட்டத்தில் மறுபடியும் ஒற்றையடிப் பாதைதான். மாஸ்டரில் வைத்த லிமிட்டர், எல்லோரும் வந்து சேரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

இதை எண்ணாகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். கணக்குக்காக ஒரு பாட்டை வைத்துக்கொள்வோம்: 40 டிராக், ஒவ்வொன்றின் சங்கிலிக்கும் பஃபர் ஒன்றுக்கு 0.1 மில்லிநொடி, மாஸ்டருக்கு 0.5 மில்லிநொடி. ஒரே கோர் இருந்தால் மொத்தம் 4.5 மில்லிநொடி. கெடு 2.67 என்பதால் பாட்டு ஓடவே ஓடாது. 4 கோர் இருந்தால் டிராக்குகளுக்கு 1, மாஸ்டருக்கு 0.5, ஆக 1.5 மில்லிநொடி, நிம்மதியாக ஓடும். 8 கோரில் 1 மில்லிநொடி. 16 கோரில் 0.8. டிராக்குக்கு ஒரு கோர் என்று 40 கோர் கொடுத்தாலும் 0.6-க்குக் கீழே இறங்காது. முதல் 4 கோர் உயிர் கொடுக்கிறது, அடுத்த 4 மூச்சுவிட இடம் கொடுக்கிறது, அதற்கு மேல் கிடைப்பது சொற்பம். இப்போது அதே பாட்டில் ஒரே ஒரு டிராக்கை மாற்றுவோம். பழைய அனலாக் சின்தசைசரின் மின்சுற்றையே கணக்கிட்டுப் போலச் செய்யும் கனமான இசைக்கருவி ஒன்றை வைத்து, அதன் பின்னால் ஓவர்சாம்பிளிங் போட்ட டிஸ்டார்ஷனும் ரிவெர்பும் கோக்கிறோம். அந்தச் சங்கிலி மட்டும் 2.4 மில்லிநொடி எடுக்கிறது என்க. மாஸ்டரின் 0.5 சேர்ந்தால் 2.9. கெடு தவறிவிட்டது. 64 கோர் வாங்கினாலும் இந்த 2.9 குறையாது, ஏனென்றால் ஒன்றன்பின் ஒன்றாக வரும் வேலைகளின் கூட்டுத்தொகை அது. ஒவ்வொரு கோரும் 30 சதவீதம் வேகமாக உள்ள செயலியில் அதே வேலை சுமார் 2.2 மில்லிநொடியில் முடிந்துவிடும். அகலம், ஆழம் என்று சொன்னதன் பொருள் இதுதான்.

கணினி அறிவியலில் இதற்கு நெடுங்காலமாகவே விதி உண்டு. ஐபிஎம்மில் பணியாற்றிய ஜீன் ஆம்டால் 1967-இல் முன்வைத்த வாதம் அது: ஒரு வேலையில் பிரிக்க முடியாத பகுதி எவ்வளவு இருக்கிறதோ, அதுவே எத்தனை செயலி சேர்த்தாலும் கிடைக்கக்கூடிய வேகத்துக்கு எல்லை. வேலையில் 80 சதவீதம் பிரிக்கக்கூடியது, 20 சதவீதம் பிரிக்க முடியாதது என்றால், 4 கோரில் 2.5 மடங்கு, 8 கோரில் 3.3 மடங்கு, 16 கோரில் 4 மடங்கு வேகம் கிடைக்கும். கோர்களை எண்ணற்றவையாக்கினாலும் 5 மடங்கைத் தாண்டாது. இசைக்கு இன்னொரு செலவும் சேர்கிறது. ஒவ்வொரு பஃபருக்கும் வேலையைக் கோர்களுக்குப் பங்கிட்டு, அவற்றை எழுப்பி, கடைசியாக வருவதற்குக் காத்திருந்து, விடைகளைக் கூட்ட வேண்டும். பஃபரை 64 சாம்பிளாகக் குறைத்தால் இந்தப் பங்கீடு நொடிக்கு 750 முறை நடக்கும். பஃபர் சிறியதாகச் சிறியதாக, வேலைக்கு ஆகும் நேரத்தோடு ஒப்பிடும்போது வேலையைப் பங்கிட ஆகும் நேரம் பெரிதாகத் தெரியும். ஆகவே சின்னப் பஃபரில் கோர்களின் பயன் குறையும், பெரிய பஃபரில் கூடும்.

எழக்கூடிய மறுப்புகள்

முதல் மறுப்பு கண்ணால் பார்ப்பதிலிருந்து வருகிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் செயலியின் பயன்பாடு 30 சதவீதம் என்று காட்டுகிறது. இசை மென்பொருளோ தாங்க முடியவில்லை என்று எச்சரிக்கிறது. மீதி 70 சதவீதத்தைப் பயன்படுத்தத் தெரியாத மென்பொருள் மோசமானதுதானே? அந்த இரண்டு மீட்டர்களும் வெவ்வேறு விஷயங்களை அளக்கின்றன. டாஸ்க் மேனேஜர் காட்டுவது எல்லாக் கோர்களின் சராசரி, அதுவும் நீண்ட நேரத்துக்கானது. 8 கோரில் ஒன்று முழுமூச்சாக ஓடி மற்ற 7 சும்மா இருந்தால் சராசரி 12.5 சதவீதம்தான். இசை மென்பொருளின் மீட்டரோ, பெரும்பாலும், கெடுவில் எத்தனை பங்கு செலவாயிற்று என்பதைக் காட்டுகிறது. 2.67 மில்லிநொடியில் 2.5 போய்விட்டால் அதற்கு ஆபத்துதான், மற்ற கோர்கள் எவ்வளவு ஓய்வாக இருந்தாலும் சரி. சும்மா இருக்கும் கோர்கள் மென்பொருளின் சோம்பலைக் காட்டவில்லை. உங்கள் பாட்டில் ஒரு சங்கிலி மற்றவற்றைவிட மிக நீளமாக இருப்பதைக் காட்டுகின்றன. அந்த வகையில் இரண்டு மீட்டர்களுக்கும் உள்ள இடைவெளியே நோயைச் சொல்லும் அறிகுறி.

இரண்டாவது மறுப்பு வலுவானது. இன்றைய மென்பொருள்கள் பாட்டை முன்கூட்டியே கணக்கிட்டு வைக்கின்றன. பிறகு கெடு என்ற பேச்சே எதற்கு? உண்மைதான். ரீப்பரில் எஃபெக்டுகளை முன்கூட்டிச் செயல்படுத்தும் வசதி உண்டு. கியூபேஸில் ஆசியோ-கார்டு உண்டு. லாஜிக்கிலும் ஓடும் டிராக்கையும் நேரலை டிராக்கையும் பிரித்து நடத்தும் ஏற்பாடு உண்டு. ஏற்கெனவே பதிவாகிவிட்ட டிராக்கில் அடுத்து என்ன வரப்போகிறது என்று மென்பொருளுக்குத் தெரியும். ஆகவே அதைப் பெரிய துண்டுகளாக முன்னதாகவே கணக்கிட்டு வைத்துக்கொள்ளலாம்; ஒரு கோர் ஒரு கணம் தாமதித்தாலும் கையிருப்பு சமாளித்துவிடும். மல்டிகோர் செயலி இசைக்கு உண்மையாகவே நல்லது செய்யும் இடம் இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம். ஆனால் இதற்கும் இரண்டு எல்லைகள் உண்டு. ஒன்று, இந்த நொடியில் பாடுகிற குரலையும் இப்போது அழுத்துகிற கீபோர்டு கட்டையையும் முன்கூட்டியே கணக்கிட எந்த மென்பொருளாலும் முடியாது. ரெக்கார்டுக்குத் தயாராக வைத்த டிராக்கும், அது போய்ச் சேரும் பஸ்ஸும், மாஸ்டரும் சின்னப் பஃபரின் கெடுவுக்கே கட்டுப்பட்டவை. இன்னொன்று, தனியொரு சங்கிலியின் வேலை அதற்குக் கிடைக்கும் நேரத்தைவிடத் தொடர்ந்து அதிகமாக இருந்தால் கையிருப்பு கரைந்து தீர்ந்துவிடும். பஃபரைப் பெரிதாக்குவதும் அங்கே கைகொடுக்காது. துண்டு இரண்டு மடங்கானால் அதிலுள்ள சாம்பிள்களும் இரண்டு மடங்காகும், அவற்றைக் கணக்கிடும் வேலையும் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். பெரிய பஃபர் பங்கீட்டுச் செலவைக் குறைக்கும், திடீர் ஏற்றத்தாழ்வுகளைத் தாங்கும். ஒரு கோருக்கு மீறிய சங்கிலியை அது காப்பாற்றாது.

மூன்றாவது மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வரும். ஒரு கோரின் வேகம்தான் முக்கியம் என்றால், குறைந்த கோரும் அதிக கிகாஹெர்ட்ஸும் கொண்ட செயலியை வாங்கிவிடலாமே? அதுவும் தவறு. முதலாவதாக, கிகாஹெர்ட்ஸ் என்பது ஒரு கோரின் வேகத்தில் ஒரு பாதிதான். ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு வேலை முடிகிறது என்பது மறுபாதி. 2004-இல் 3.8 கிகாஹெர்ட்ஸில் ஓடிய பென்டியம் 4-ஐயும் அதே 3.8-இல் ஓடும் இன்றைய கோரையும் ஒன்றென்று எண்ண முடியாது. இன்றையது அதே நேரத்தில் பல மடங்கு வேலையை முடிக்கும். இரண்டாவதாக, பெட்டியில் அச்சிட்டிருக்கும் உச்ச வேகம் பொதுவாக ஒன்றிரண்டு கோர்கள் மட்டும் உழைக்கும்போது கிடைப்பது. எல்லாக் கோர்களும் உழைத்துச் சூடாகும்போது, குறிப்பாக மெல்லிய லேப்டாப்பில், வேகம் இறங்கும். மூன்றாவதாக, சில இசைக்கருவிகள் தங்களுக்குள்ளேயே வேலையைப் பிரித்துக்கொள்ளக் கற்றிருக்கின்றன. யு-ஹி நிறுவனத்தின் டிவாவில் மல்டிகோர் என்றே ஒரு பொத்தான் உண்டு. ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டின் ஒவ்வொரு சுரமும் தனிக் கணக்கு என்பதால் அவற்றை வெவ்வேறு கோர்களுக்குப் பங்கிட முடிகிறது. 100 டிராக்குக்கு மேல் போகும் திரைப்படப் பின்னணி இசையில் அகலமே பெரும் பாரம். அங்கே 4 கோர் எவ்வளவு வேகமாக இருந்தாலும் மூச்சு வாங்கும்.

எல்லாக் கோரும் ஒன்றல்ல

கோர்களை எண்ணுவதிலேயே இப்போது ஒரு சிக்கல் வந்திருக்கிறது. 8 கோர், 16 திரெட் என்று எழுதியிருந்தால் அது 16 கோர் ஆகாது. ஒரே கோரை இரண்டு வேலைகள் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு அது. சில வேலைகளில் கொஞ்சம் கூடுதல் பயன் தரும், இரண்டு மடங்கு தராது. அடுத்தது கலப்புச் செயலிகள். 2020 நவம்பரில் வந்த ஆப்பிள் எம்1 சிப்பில் 4 வேகக் கோர்களும் 4 சிக்கனக் கோர்களும் இருந்தன. 2021 இறுதியில் வந்த இன்டெலின் 12-ஆம் தலைமுறையும் இதே பாதையில் போனது. ஒலி வேலையின் கனமான சங்கிலி ஒன்று தவறிப்போய்ச் சிக்கனக் கோரில் விழுந்தால், மற்ற எல்லா டிராக்குகளும் முடிந்த பிறகும் அதற்காக மாஸ்டர் காத்திருக்க வேண்டும். இந்த ஆபத்தைக் குறைக்கத்தான் ஆப்பிள் மேக்ஓஎஸ் 11-இல், ஒரே கெடுவுக்கு உழைக்கும் திரெட்டுகளை ஒரு குழுவாக இயக்க அமைப்பிடம் அறிவிக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. இன்டெல் தன் பங்குக்கு எந்த வேலை எந்தக் கோருக்கு ஏற்றது என்று விண்டோஸுக்குக் குறிப்புக் கொடுக்கும் பகுதியைச் செயலிக்குள்ளேயே வைத்தது. ஆகவே கலப்புச் செயலி வாங்கும்போது மொத்த எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள்; வேகக் கோர்கள் எத்தனை என்று தனியாகக் கேளுங்கள். உங்கள் இசை மென்பொருளின் பதிப்பும் இயக்க அமைப்பின் பதிப்பும் இந்தச் செயலிகள் வந்த பிறகு வெளியானவையாக இருப்பதும் அவசியம்.

பாட்டை அகலப்படுத்துவது எப்படி

இதுவரை சொன்னவற்றின் நடைமுறைப் பயன், பணம் செலவழிப்பதற்கு முன்னால் பாட்டின் அமைப்பை மாற்றிப் பார்க்கலாம் என்பதே. முதலில் நீளமான சங்கிலியைக் கண்டுபிடியுங்கள். பல மென்பொருள்களில் டிராக் வாரியாகச் செலவைக் காட்டும் சாளரம் உண்டு. இல்லாவிட்டால் சந்தேகப்படும் டிராக்குகளை ஒவ்வொன்றாக முடக்கி மீட்டர் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். எதை முடக்கும்போது மீட்டர் சட்டென்று விழுகிறதோ, அதுவே உங்கள் கணினியின் உண்மையான எல்லை. அந்த டிராக்கை ஃப்ரீஸ் செய்யுங்கள்: பிளக்-இன்கள் செய்த வேலை ஒலிக்கோப்பாக மாறி, கணக்கிடும் பாரம் ஏறக்குறைய முழுவதும் இறங்கிவிடும். மெட்டு இன்னும் மாறலாம் என்ற நிலையில் ஃப்ரீஸ் செய்ய மனம் வராது என்பது உண்மைதான். ஃப்ரீஸை எப்போது வேண்டுமானாலும் விலக்க முடியும் என்பதால் அந்தத் தயக்கம் தேவையில்லை. ஓவர்சாம்பிளிங் உள்ள பிளக்-இன்களில் மெட்டமைக்கும் கட்டத்தில் அதை அணைத்துவைத்து, இறுதிக் கோப்பை எடுக்கும்போது மட்டும் போடுங்கள். 4 மடங்கு ஓவர்சாம்பிளிங் என்றால் அந்தப் பிளக்-இன்னின் கணக்கும் ஏறக்குறைய 4 மடங்கு.

அடுத்து, ஒரே இடத்தில் குவிந்திருப்பதைப் பரப்புங்கள். கான்டாக்ட் போன்ற சாம்பிளர் ஒன்றைத் திறந்து அதற்குள்ளேயே வயலின், செல்லோ, புல்லாங்குழல், தபலா என்று பத்துக் கருவிகளை ஏற்றுவது பலரின் வழக்கம். அப்படிச் செய்தால், சாம்பிளரின் சொந்த மல்டிகோர் வசதி அணைந்திருக்கும்போது, பத்துக் கருவிகளின் பாரமும் ஒரே டிராக்கின் பாரமாகிவிடும். அதையே நான்கைந்து சாம்பிளர்களாகத் தனித்தனி டிராக்கில் திறந்தால் மென்பொருள் அவற்றைத் தானே கோர்களுக்குப் பங்கிடும். சாம்பிளரின் மல்டிகோர் வசதியையும் இசை மென்பொருளின் மல்டிகோர் வசதியையும் ஒரே சமயத்தில் போட்டால் இரண்டும் ஒரே கோர்களுக்காக மோதிக்கொள்ளக்கூடும். ஒன்றை அணைத்துவிட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு டிராக்கிலும் தனித்தனி ரிவெர்ப் வைப்பதற்குப் பதிலாக ஒரு சென்டு டிராக்கில் ஒன்றை வைத்து எல்லாவற்றையும் அங்கே அனுப்புவது மொத்த வேலையையும் குறைக்கும், ஒலிக்கும் ஒரே கூடத்தின் ஒத்திசைவைத் தரும். குரூப்பிலிருந்து குரூப்புக்கு, அதிலிருந்து இன்னொரு குரூப்புக்கு என்று அடுக்கிக்கொண்டு போவதும், சைடுசெயின் இணைப்புகளைக் கண்டபடி போடுவதும் எதிர்விளைவு தரும். ஒவ்வொரு இணைப்பும் ஒரு டிராக் இன்னொன்றுக்காகக் காத்திருக்க வேண்டும் என்ற கட்டளைதான். இசைக்குத் தேவையான இணைப்பைத் தயங்காமல் போடுங்கள், பழக்கத்தால் போட்டதை நீக்குங்கள்.

மூன்றாவது, வேலையை இரண்டு கட்டமாகப் பிரியுங்கள். குரலோ கருவியோ பதிவாகும் கட்டத்தில் பஃபர் 64 அல்லது 128; அப்போது மாஸ்டரில் கனமான லிமிட்டரும் மாஸ்டரிங் பிளக்-இன்களும் இருக்கக் கூடாது, ஏனென்றால் பாடுகிறவரின் குரல் அவற்றின் வழியாகத்தான் அவர் காதுக்குத் திரும்புகிறது. மிக்ஸிங் கட்டத்தில் பஃபரை 512 அல்லது 1024-க்கு ஏற்றுங்கள். 48,000 சாம்பிள் வீதத்தில் 1024 என்றால் கெடு 21 மில்லிநொடிக்கு மேல். யாரும் நேரலையில் பாடவில்லை என்பதால் அந்தத் தாமதத்தால் தொந்தரவு இல்லை, கோர்களும் நிதானமாகப் பங்கிட்டுக்கொள்ளும். பதிவு முடிந்தவுடன் ரெக்கார்டு பொத்தானை அணைக்க மறக்காதீர்கள். அணைத்தால்தான் அந்த டிராக் நேரலைக் கெடுவிலிருந்து விடுபட்டு முன்கூட்டிக் கணக்கிடும் வசதிக்குள் வரும். சாம்பிள் வீதத்தை 96,000-க்கு ஏற்றுவதற்கு முன்னால் யோசியுங்கள்: அதே 128 சாம்பிள் பஃபரில் கெடு 1.33 மில்லிநொடியாகப் பாதியாகிவிடும், ஒரு நொடிக்கான கணக்கோ இரண்டு மடங்காகும்.

இவற்றையெல்லாம் செய்த பிறகும், மீட்டர் தாழ்வாக இருக்கும்போதே 'டிக்' சத்தம் வந்தால், குற்றம் கோர்களில் இல்லை. வைஃபை, கிராஃபிக்ஸ் போன்றவற்றின் டிரைவர்கள் நடுவில் புகுந்து செயலியை நீண்ட நேரம் பிடித்துவைத்துக்கொண்டால் ஒலியின் கெடு தவறும். விண்டோஸில் லேட்டன்சிமான் என்ற கருவி எந்த டிரைவர் அப்படிச் செய்கிறது என்று சுட்டிக்காட்டும். மின்சிக்கன அமைப்பு செயலியை அடிக்கடி தூங்கவைத்து எழுப்புவதும் இதே விளைவைத் தரும். ஒலிப்பதிவின்போது லேப்டாப்பை மின் இணைப்பில் வைத்து, முழுத்திறன் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள்.

வாங்கும்போது

குரலோடு சில கருவிகளைப் பதிவு செய்து மெருகேற்றுவதுதான் உங்கள் வேலை என்றால், தற்காலச் செயலியில் 6 கோர் தாராளம். உங்களுக்குக் கெடு தவறுவது பதிவின்போதுதான். ஆகவே ஒற்றைக் கோரின் வேகமும், நல்ல டிரைவர் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸும் முதன்மை. கனமான சின்தசைசர்களை அடுக்கி மின்னணு இசை செய்பவருக்கு ஆழமே பாரம். 8 வேகக் கோர் உள்ள செயலிகளில் ஒற்றைக் கோர் மதிப்பெண் அதிகமானதைத் தேடுங்கள். திரைப்படப் பின்னணி இசைபோல 100-க்கு மேற்பட்ட டிராக்கில் சாம்பிள் கருவிகளைப் பரப்புபவருக்கு 12, 16 கோர் உண்மையாகவே பயன்படும். ஆனால் அவருக்கும் அதற்கு முன்னால் 64 ஜிபி ராமும் வேகமான எஸ்எஸ்டியும் அவசியம், ஏனென்றால் சாம்பிள்கள் நினைவகத்தில் இடமில்லாமல் நின்றால் கோர்கள் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. எந்த வகையானாலும் விலைப்பட்டியலில் ஒரு படி மேலே போகுமுன், அந்தப் பணம் செயலியில் எவ்வளவு பயன் தரும், மைக்கிலோ அறையின் ஒலியமைப்பிலோ எவ்வளவு பயன் தரும் என்று ஒப்பிடுங்கள். 8 நல்ல கோரைத் தாண்டிய பிறகு பெரும்பாலான வீட்டு ஸ்டுடியோக்களில் இரண்டாவதுதான் கேட்பவர் காதுக்கு எட்டும்.

மல்டிகோர் செயலியால் இசை மென்பொருளுக்கு நன்மை உண்டா என்ற கேள்விக்கு ஆம் என்பதே விடை, பாட்டு பிரிந்து நிற்கும் அளவுக்கு. அந்த அளவைச் செயலி தயாரிப்பவர் தீர்மானிப்பதில்லை. டிராக்குகளை அடுக்கி, பஸ்களை இணைத்து, பிளக்-இன்களைக் கோக்கும் நீங்கள் தீர்மானிக்கிறீர்கள். ஆகவே கடைக்குப் போவதற்கு முன்னால், உங்களிடம் உள்ள பாட்டுகளில் மிகக் கனமான ஒன்றைத் திறந்து, அதன் நீளமான சங்கிலி எது என்று கண்டுபிடியுங்கள். அதை ஃப்ரீஸ் செய்ததும் பாட்டு தடங்கலின்றி ஓடினால் உங்களுக்குத் தேவை கூடுதல் கோர் அல்ல. வேகமான கோரோ, சற்று நிதானமான அமைப்போதான். ஃப்ரீஸ் செய்தும் எல்லாக் கோர்களும் சமமாகத் திணறினால், அப்போது அதிக கோர் உள்ள செயலிக்குக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் பயன்தரும்.